மைக்கில் பெயர் வாசித்துவிட்டால் நன்மை போய்விடுமா?

காரைக்குடியில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். போன ரமலானில் ஒரு நாள் நோன்புக் கஞ்சிச் செலவை ஏற்றுக்கொண்டாராம். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் மைக்கில் அவர் பெயரையும் காலமான அவருடைய அத்தா (தகப்பனார்) பெயரையும் வாசித்து துஆ (பிரார்த்தனை) செய்திருக்கிறார்கள். வாசலில் இருக்கும் கரும்பலகையிலும் எழுதிப் போட்டிருக்கிறார்கள். "கேட்டதும் நெஞ்சு குளிர்ந்துபோச்சு. ராத்திரி படுத்தப்புறம்தான் உறுத்த ஆரம்பிச்சது. இந்தக் குளிர்ச்சிக்காகத்தான் கொடுத்தேனோ? இந்த வருஷம் கொடுக்காமலே இருந்துடலாமான்னு யோசிக்கிறேன்" என்று எழுதியிருக்கிறார். கூடவே "சில்லறைக் கேள்விகள்" என்று மூன்று. தொழுகையில் மாமனார் பக்கத்தில் நின்றால் தன்னையறியாமல் ருகூவும் (குனிவதும்) ஸஜ்தாவும் (நெற்றி தரையில் படப் பணிவதும்) நீண்டுவிடுகின்றன. நிய்யத் (எண்ணம்) சரியாக அமையவில்லை என்று தோன்றி, தக்பீரை (தொழுகையைத் தொடங்கும் 'அல்லாஹு அக்பரை') மூன்று நான்கு தடவை திரும்பக் கட்டுகிறார். கடையில் இல்லாதவர்களுக்குக் கடன் கொடுக்கிறார், அவர்கள் வேறு கடைக்குப் போய்விடக் கூடாது என்ற நினைப்பும் அதில் இருக்கிறது. அது தர்மத்தில் சேருமா, வியாபாரத்தில் சேருமா?

தம்பி, 'ரியா' என்றால் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை. பிறர் பார்க்கவேண்டும் என்று செய்வது ரியா, அல்லாஹ்வுக்காக மட்டும் செய்வது இக்லாஸ், இது மக்தபில் (குர்ஆன் பள்ளியில்) ஓதிய பிள்ளைக்கும் தெரியும். என் மனசை நானே நம்ப முடியாதபோது நான் நல்லது செய்யலாமா, அது சுத்தமாகும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா என்றுதான் கேட்கிறீர்கள். அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் மதரஸாவில் ஏழு வருடம் ஓதிவிட்டு, இந்தச் செட்டிநாட்டுப் பக்கத்திலேயே சின்னப் பள்ளிவாசல்களில் இருபது வருடத்துக்கு மேல் இமாமாக நின்றவன். பெரிய முஃப்தி இல்லை. சட்டம் கொஞ்சம் தெரியும். அதைவிட, இந்த உறுத்தல் எப்படி இருக்கும் என்று சொந்த அனுபவத்தில் தெரியும்.

இதில் எல்லோரும் முதலில் எடுக்கும் ஹதீஸ் (நபிமொழி) உங்களுக்கும் தெரிந்ததே: செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன, ஒவ்வொருவருக்கும் அவர் எண்ணியதே கிடைக்கும். உமர் (ரலி) அறிவித்தது. புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் முதல் ஹதீஸ். இமாம் நவவியின் நாற்பது ஹதீஸ் தொகுப்பிலும் அதுதான் முதலில் நிற்கிறது. அதன் பின்பகுதியில், ஒருவர் அல்லாஹ்வுக்காகவும் அவனுடைய தூதருக்காகவும் ஹிஜ்ரத் செய்தால் (ஊரை விட்டுப் புலம்பெயர்ந்தால்) அது அப்படியே ஆகும், உலக லாபத்துக்காகவோ ஒரு பெண்ணை மணப்பதற்காகவோ போனால் அதற்காகப் போனதாகவே ஆகும் என்று வருகிறது. இரண்டு பேரும் நடந்த பாதை ஒன்று, பட்ட வெயில் ஒன்று, போய்ச் சேர்ந்த ஊரும் ஒன்று. உம்மு கைஸ் என்ற பெண்ணை மணக்க ஒருவர் மதீனாவுக்குப் போனார், அவரைப் பற்றித்தான் நபி (ஸல்) இப்படிச் சொன்னார்கள் என்று பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) ஒரு கதை சேர்த்துச் சொல்வார்கள். அப்படி ஒருவர் இருந்தது பற்றி அறிவிப்பு உண்டு. ஆனால் இந்த ஹதீஸ் அவரைக் குறித்துத்தான் சொல்லப்பட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று ஹதீஸ் விரிவுரையாளர்கள் இப்னு ரஜபும் இப்னு ஹஜரும் எழுதியிருக்கிறார்கள். அதே மாதிரி "முஃமினுடைய (நம்பிக்கையாளருடைய) நிய்யத் அவனுடைய அமலைவிட (செயலைவிட) சிறந்தது" என்று ஒரு வாசகம் அடிக்கடி காதில் விழும். கேட்க அழகாக இருக்கும், அறிவிப்பு வரிசை பலவீனமானது. முதலில் சொன்ன ஹதீஸ் ஸஹீஹானது (ஆதாரப்பூர்வமானது), அதன்மேல் ஏற்றிய சுமைகளில் சில அப்படியல்ல.

நிய்யத் என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேலைக்குப் பயன்படுத்துகிறோம். குழப்பத்தில் பாதி இதிலிருந்துதான் வருகிறது. ஒன்று, இந்தச் செயல் எது என்று பிரித்துக் காட்டுவது. நான்கு ரக்அத் லுஹரும் நான்கு ரக்அத் அஸரும் பார்வைக்கு ஒன்றே, பிரிப்பது நிய்யத். புழுக்கத்துக்குத் தலையில் தண்ணீர் ஊற்றுவதும் கடமையான குளிப்பும் தண்ணீரளவில் ஒன்றே, அங்கேயும் அப்படித்தான். இன்னொன்று, இந்தச் செயல் யாருக்காக என்பது. முதலாவது ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) கிதாபில் இருக்கும். அதை இமாமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இரண்டாவது உங்களுக்கும் ரப்புக்கும் (இறைவனுக்கும்) நடுவில் இருப்பது. அதை அளக்கும் தராசு எந்த இமாமிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. நீங்கள் தக்பீரைத் திரும்பத் திரும்பக் கட்டுவது முதல் வகைப் பிரச்சினை. கஞ்சி, மாமனார், கடன் மூன்றும் இரண்டாம் வகை.

முதல் வகையை முடித்துவிடுகிறேன். நிய்யத்தின் இடம் உள்ளம், இதில் கருத்து வேறுபாடு இல்லை. வாயால் சொல்வது பற்றித்தான் பேச்சு. பிற்கால ஷாஃபி, ஹனஃபி மத்ஹபு (சட்டப் பள்ளி) அறிஞர்களில் பலர் உள்ளத்துக்குத் துணையாக இருக்கட்டும் என்று அதை விரும்பினார்கள். நபியிடமிருந்து அப்படி எதுவும் வரவில்லை என்று சொல்லித் தவிர்த்தவர்களும் இருக்கிறார்கள். வாயால் சொன்னால்தான் தொழுகை கூடும் என்று ஷாஃபி மத்ஹபுக்குள் ஒருவர் சொன்னதை இமாம் நவவியே தவறு என்று மறுத்துவிட்டார். நம் ஊர்களில் தராவீஹ் (ரமலான் இரவுத் தொழுகை) முடிந்ததும் இமாம் "நாளை நோன்பைப் பிடிக்க நிய்யத் செய்கிறேன், அல்லாஹ் தஆலாவுக்காக" என்று சொல்லிக்கொடுக்க, ஜமாஅத் முழுவதும் கூடவே சொல்லும். நானும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் தூங்கிவிட்டு ஸஹருக்கு எழுந்து சாப்பிட்டவருக்கு நோன்பு உண்டா என்று வருடாவருடம் ஒருவராவது கேட்பார். மூன்று மணிக்கு எழுந்து எதற்காகச் சாப்பிட்டார்? அந்த 'எதற்காக'தான் நிய்யத்.

மத்ஹபுகளுக்குள் வித்தியாசம் உண்டு. ஷாஃபியில் ஒளுவுக்கு (தொழுகைக்கு முன் உறுப்புகளைக் கழுவுவதற்கு) நிய்யத் ஃபர்ளு (கட்டாயம்), ஹனஃபியில் ஸுன்னத் (விரும்பத்தக்கது). ஒருவர் ஊருணியில் தவறி விழுந்து நனைந்து எழுந்தால் (குளிக்கிற ஊருணி என்று வைத்துக்கொள்ளுங்கள், குடிதண்ணீர் ஊருணியில் கால் வைத்தால் ஊரே சண்டைக்கு வந்துவிடும்), ஒளுவின் உறுப்புகளெல்லாம் நனைந்துவிட்டதால் ஹனஃபி சட்டப்படி அவர் அந்த ஒளுவோடு தொழலாம். ஆனால் ஒளு செய்த நன்மை இல்லை. ஷாஃபி சட்டப்படி ஒளுவே ஆகவில்லை. ரமலான் நோன்பின் நிய்யத்தை ஷாஃபிகள் ஃபஜ்ருக்கு (விடியலுக்கு) முன்பே வைத்தாக வேண்டும். ஹனஃபிகளுக்கு நண்பகலுக்கு முன்வரை இடம் உண்டு. ஹனஃபி உதாரணத்தைக் கவனியுங்கள்: செயல் செல்லும், நன்மை மட்டும் இல்லை. 'கூடிவிட்டது' என்பதும் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்பதும் வேறு வேறு என்று சட்டக்காரர்களே ஒப்புக்கொண்ட இடம் அது.

தக்பீர் விஷயத்துக்கு வருகிறேன். தக்பீர் சொல்லும் கணத்தில் நிய்யத்தின் ஒவ்வொரு உறுப்பும் மனதில் வரிசையாக நிற்கவேண்டும் என்று சில ஷாஃபி நூல்களில் கடுமையாக எழுதியிருப்பார்கள். இமாம் கஸாலியும் நவவியும் அதைத் தளர்த்தி, தொழுகையை மறந்தவராக இல்லாமல் நிற்கிறார் என்று வழக்கத்தில் சொல்ல முடிந்தால் போதும் என்றார்கள். ஒளு செய்து, செருப்பை விட்டு, ஸஃப்பில் (வரிசையில்) தோளோடு தோள் நின்று கையைத் தூக்குகிறீர்கள். லுஹர் தொழ வரவில்லை என்றால் வேறு எதற்கு வந்தீர்கள்? ஒரு தடவை சொல்லுங்கள், போதும். இரண்டாவது தடவை கை தூக்கத் தோன்றினால் தூக்காதீர்கள். இது வஸ்வாஸ் (ஓயாத சந்தேகம்). 800 வருடத்துக்கும் முன்பு இப்னுல் ஜவ்ஸி, ஷைத்தான் மனிதரை ஏமாற்றும் வழிகளைப் பற்றி எழுதியபோது நிய்யத்தில் வரும் இந்தச் சந்தேகத்தையும் சேர்த்து எழுதினார். அவ்வளவு பழைய வியாதி. ஒன்று மட்டும் ஒளிக்காமல் சொல்கிறேன்: இது தொழுகையோடு நிற்காமல் கை கழுவுவது, கடைப் பூட்டை இழுத்துப் பார்ப்பது, கல்லாவை எண்ணுவது என்று பரவியிருந்தால், அது என் கையில் தீரும் விஷயம் இல்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள். அது ஈமானில் (இறைநம்பிக்கையில்) உள்ள குறை இல்லை. அதற்கு மருந்தும் பயிற்சியும் இருக்கின்றன.

இனிக் கஞ்சி. உங்களைப் பயமுறுத்துவது எந்த ஹதீஸ் என்று எனக்குத் தெரியும். அபூஹுரைரா (ரலி) அறிவித்து முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் பதிவானது. மறுமையில் முதலில் தீர்ப்பு வழங்கப்படும் மூன்று பேர்: போரில் உயிர் விட்டவர், கல்வி கற்றுக் கொடுத்து குர்ஆன் ஓதியவர், செல்வத்தை வாரிக் கொடுத்தவர். மூவரும் "உனக்காகத்தான் செய்தேன்" என்பார்கள். "பொய். வீரன் என்று சொல்லப்படுவதற்காகப் போரிட்டாய், ஆலிம் என்று சொல்லப்படுவதற்காகக் கற்றாய், கொடையாளி என்று சொல்லப்படுவதற்காகக் கொடுத்தாய், அப்படியே சொல்லப்பட்டும் விட்டது" என்று பதில் வரும். முகம் குப்புற நெருப்புக்கு இழுத்துச் செல்லப்படுவார்கள். திர்மிதி தொகுப்பில் வரும் அறிவிப்பில், இதைச் சொல்லத் தொடங்கி முடிப்பதற்குள் அபூஹுரைரா பலமுறை மூர்ச்சையானார் என்று இருக்கிறது. இதைப் படித்துப் பதறாவிட்டால்தான் கவலைப்படவேண்டும். ஆனால் வாசகத்தை உற்றுப் பாருங்கள். சொல்லப்பட்டது என்பதற்காக அவர்கள் தண்டிக்கப்படவில்லை. சொல்லப்படுவதற்காகச் செய்தார்கள் என்பதுதான் குற்றம். உங்கள் பெயர் மைக்கில் வந்தது நடந்த ஒரு சம்பவம். அது வரவேண்டும் என்பதற்காகப் பணம் கட்டினீர்களா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு ஓரளவு நீங்களே விடை கண்டுபிடிக்கலாம். பணம் கட்டிய நாளை நினைத்துப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அத்தா மௌத்தான முதல் ரமலான் என்று ஒரு வரி இருக்கிறது. அவருக்காகக் கொடுத்திருக்கிறீர்கள். ஸஅத் இப்னு உபாதா (ரலி) இறந்துபோன தன் தாய்க்காகத் தர்மம் செய்தால் அவருக்குப் பயன் உண்டா என்று கேட்டதும், நபி (ஸல்) ஆம் என்றதும் புகாரியில் இருக்கிறது. அப்படியானால் நீங்கள் கிளம்பிய திசை சரி. குளிர்ச்சி பிறகு வந்தது. பிறகு வந்ததைப் பற்றியும் அபூதர் (ரலி) வழியாக முஸ்லிமில் ஒரு ஹதீஸ் உண்டு. ஒருவர் நற்செயல் செய்கிறார், மக்கள் அதற்காக அவரைப் புகழ்கிறார்கள், இது பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, "அது முஃமினுக்கு முன்கூட்டியே கிடைக்கும் நற்செய்தி" என்றார்கள் நபி (ஸல்). அத்தாவின் பெயரைச் சொல்லி நூறு பேர் ஆமீன் சொல்லும்போது மகனுக்கு நெஞ்சு குளிரவில்லை என்றால்தான் அதிசயம்.

இப்னு ரஜப் இதைப் படிப்படியாகப் பிரிக்கிறார். முழுக்க முழுக்க ஊர் மெச்சவே செய்தது, அது குப்பை. அல்லாஹ்வுக்காக என்பதோடு ஊருக்காக என்பதும் அடிவேரிலேயே கலந்து முளைத்தது, அதுவும் செல்லாது என்பதற்கே ஹதீஸ்கள் சாட்சி என்கிறார். அல்லாஹ்வுக்காகத் தொடங்கி, நடுவில் அந்த நினைப்பு எட்டிப் பார்த்து, அதைத் தள்ளிவிட்டால் ஒரு பாதிப்பும் இல்லை. தள்ளாமல் அதோடேயே போனால்? அங்கேதான் முன்னோர்களுக்குள் இரண்டு கருத்து. முதல் எண்ணமே கணக்கு என்று இமாம் அஹ்மதும் தபரியும் நம்பிக்கை தரும் பக்கம் நின்றதாக அவர் எடுத்துக்காட்டுகிறார். கஸாலி வேறு விதமாகப் பார்க்கிறார்: இரண்டு நோக்கங்கள் கலந்தால் எது வலுவாக இருந்ததோ அதற்கேற்ப என்று எடை போடுகிறார். ஆக, கலப்பு விஷயத்தில் 'உறுதியாக இதுதான்' என்று யாராவது உங்களிடம் ஒரே வரியில் சொன்னால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

வெளிப்படையாகக் கொடுப்பதே குற்றம் என்பதும் நாமாக உருவாக்கிக்கொண்டது. "தர்மங்களை வெளிப்படையாகச் செய்தால் அதுவும் நல்லதே, மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் உங்களுக்கு மேலும் சிறந்தது" என்ற கருத்தில் குர்ஆனின் பகரா அத்தியாயம் 271ஆம் வசனம் இரண்டு வாசலையும் திறந்தே வைத்திருக்கிறது. வலது கை கொடுப்பதை இடது கை அறியாத மனிதருக்கு அர்ஷின் (இறைவனின் அரியணையின்) நிழல் உண்டு என்கிற ஹதீஸ் பிரபலம். ஜரீர் (ரலி) அறிவிக்கும் இன்னொன்று அவ்வளவு பிரபலம் இல்லை. முளர் குலத்தைச் சேர்ந்த சிலர் உடுத்தக்கூட ஒழுங்காக இல்லாமல் மதீனாவுக்கு வந்து நின்றார்கள். அன்ஸாரி (மதீனாவாசி) ஒருவர் கையில் அடங்காத கனமான பணப்பையை எல்லார் முன்னிலையிலும் கொண்டுவந்து வைத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் வரிசையாகக் கொண்டுவர, துணியும் உணவும் இரண்டு குவியலாகிவிட்டன. நபியின் முகம் பொன்போல ஒளிர்ந்தது என்கிறார் ஜரீர். நல்ல வழக்கத்தைத் தொடங்கி வைத்தவருக்கு அவருடைய நன்மையும் அவரைப் பார்த்துச் செய்தவர்களின் நன்மையும் உண்டு என்ற வார்த்தை அந்த இடத்தில்தான் வந்தது. அந்த அன்ஸாரி இருட்டில் கொண்டுவந்து வைத்திருந்தால் அந்தக் குவியல் சேர்ந்திருக்காது.

நம் ஊர் வழக்கமும் இதற்குள் வருகிறது. செட்டிநாட்டில் கொடை என்றால் பெயரோடுதான். கோயில் கல்லில் பெயர், சத்திரத்தின் நெற்றியில் பெயர், கல்யாணத்தில் மொய் நோட்டில் பெயர். ட்யூப்லைட்டில் 'உபயம்' எழுதி வெளிச்சத்தை மறைக்கிற பகடி தமிழ்நாடு முழுவதும் தெரிந்தது. பள்ளிவாசல் ஃபேன் இறக்கையில் 'அன்பளிப்பு' என்று எழுதி, ஃபேன் சுற்றும்போது யாராலும் படிக்க முடியாமல் போவதை நானே தொழுகைக்கு முன் அண்ணாந்து பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஆனால் எழுதியவர்கள் எல்லாரும் பெருமைக்காரர்கள் என்று முடிவு கட்ட நமக்கு உரிமை இல்லை. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் ஊருக்கு வந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். அழகப்பர் பெயரில் கல்லூரி இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்து அவர் மனதுக்குள் என்ன இருந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா? படித்து வெளியே வந்த பிள்ளைகளைத்தான் நம்மால் பார்க்க முடியும். ரியா என்ற சொல்லை நம் நெஞ்சை நோக்கித் திருப்பலாம். பக்கத்து வீட்டுக்காரர் நெஞ்சை நோக்கித் திருப்பினால் அது புறமாகவோ அவதூறாகவோ மாறிவிடும். ஜமாஅத்துகளில் நான் பார்த்த பாதிச் சண்டை இதில் தொடங்கியதுதான்.

நான் உண்மையிலேயே கடுமையாக இருப்பது இன்னொரு இடத்தில். கொடுத்தவர் பெயர் வெளியே வருவதில் எனக்குப் பெரிய கோபம் இல்லை, வாங்கியவர் முகம் வெளியே வருவதில் உண்டு. பகரா 264 ரியாவைத் தனியாகச் சொல்லவில்லை. சொல்லிக் காட்டுவதையும் மனதை நோகடிப்பதையும் முதலில் சொல்லிவிட்டு, அப்படிச் செய்கிறவர் மக்களுக்குக் காட்டச் செலவு செய்பவரைப் போன்றவர் என்கிறது. வழுக்குப் பாறைமேல் கொஞ்சம் மண், பெருமழை அடித்ததும் மொட்டைப் பாறை, இது அந்த வசனத்தின் உவமை. செம்மண் பூமியில் வாழும் நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பெருநாளைக்கு முன்னால் அரிசி மூட்டையை ஒரு முனையில் நான்கு பேர் பிடித்துக்கொண்டு, மறுமுனையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெண் நிற்க, ஃபோட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடுகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். கணக்குக் காட்ட ஃபோட்டோ வேண்டும் என்றால் மூட்டைகளை எடுங்கள், ரசீதை எடுங்கள். அந்தப் பெண்ணின் மகன் அதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். கஞ்சி இந்த விஷயத்தில் அருமையான தர்மம். பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளியோடு நிற்கும் வரிசையில் கார்க்காரர் பிள்ளையும் நிற்கும், கூலிக்காரர் பிள்ளையும் நிற்கும், பக்கத்துத் தெரு இந்து வீட்டுப் பிள்ளையும் நிற்கும். யார் ஏழை என்று வாளியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மாமனார் விஷயத்தில் உங்களைத் தனியாகக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு யோக்கியதை இல்லை. இமாமாகி இரண்டாவது வருடம் என்று நினைவு. நான் ஓதிய மதரஸாவிலிருந்து ஒரு பெரிய உஸ்தாத் வழியில் இறங்கி இஷாவுக்கு என் பின்னால் நின்றார். அன்றைக்கு என் கிராஅத்தில் (ஓதலில்) இல்லாத ராகமெல்லாம் வந்தது. தொழுகை முடிந்து எல்லாரும் போனபிறகு மோதினார் (பாங்கு சொல்பவர்) பாயைச் சுருட்டிக்கொண்டே, "என்ன ஹஜ்ரத், இன்னைக்கு ஓதுனது அல்லாவுக்கா, அவருக்கா?" என்றார். கிண்டலாகத்தான் கேட்டார். எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. பார்க்க ஆள் இருக்கிறது என்று தொழுகையை அழகுபடுத்துவதை 'மறைவான ஷிர்க்' (இணைவைத்தல்) என்று நபி (ஸல்) எச்சரித்தது இப்னு மாஜா தொகுப்பில் இருக்கிறது. எனவே இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் கூட ஆள் இருப்பதால் ஊக்கம் வருவதெல்லாம் ரியா ஆகிவிடாது என்பதையும் கஸாலி சொல்லி, ஒரு சோதனையும் தருகிறார். தஹஜ்ஜுத் (பின்னிரவுத் தொழுகை) தொழுகிறவர்கள் வீட்டில் தங்கினால் நமக்கும் எழத் தோன்றும். திரைக்குப் பின்னாலிருந்து அவர்களை நாம் பார்க்கிறோம், அவர்கள் நம்மைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டால், அப்போதும் அந்த ஆசை இருக்குமா? இருந்தால் அது நல்ல சகவாசத்தின் பலன். திரை விழுந்ததும் ஆசையும் விழுந்தால் அது வேறு. உங்களுக்கும் மாமனாருக்கும் நடுவில் ஒரு தூண் இருந்தால் ருகூ எவ்வளவு நீளும் என்று பாருங்கள். நீண்டதைக் குறைக்க வேண்டாம். அவர் இல்லாதபோதும், வீட்டில் தனியாகத் தொழும்போதும் அதே அளவுக்குக் கொண்டுவாருங்கள். எனக்கு மோதினார் கிண்டலுக்குப் பிறகு கைகொடுத்தது அதுதான். முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய் சொன்னவனாவேன்.

கொடுப்பதை நிறுத்திவிடலாமா என்கிற கேள்விக்கு முற்காலப் பெரியவர் ஃபுளைல் இப்னு இயாள் சொன்னதாக ஒரு வார்த்தை வழிவழியாக வருகிறது: மக்களுக்காக ஓர் அமலை விடுவது ரியா, மக்களுக்காக ஓர் அமலைச் செய்வது ஷிர்க், இந்த இரண்டிலிருந்தும் அல்லாஹ் உன்னைக் காப்பாற்றினால் அது இக்லாஸ். முதல் பாதியைப் பாருங்கள். பெயர் வருமே, ஊர் என்ன நினைக்குமோ, நான் என்ன நினைப்பேனோ என்று கஞ்சியை நிறுத்தினால், அப்போதும் கண்ணாடி முன்னால்தான் நிற்கிறீர்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அதற்குள் முப்பது நாளில் ஒரு நாள் அண்டா காலி. ஆனால் நிறுத்திவிட்ட ஒரு பெரிய மனிதரும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. கஸாலி பக்தாத் நிஜாமிய்யா மதரஸாவில் உச்சத்தில் இருந்தபோது தன் பாடம் நடத்தும் நிய்யத்தைச் சோதித்துப் பார்த்தார். அது அல்லாஹ்வுக்காக இல்லை, பேரும் புகழும்தான் தன்னைத் தள்ளுகிறது என்று கண்டதாகத் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதியதில் அவரே ஒப்புக்கொள்கிறார். ஆறு மாதம் இழுபறி, வாயே எழாமல் போனது, மருத்துவர்கள் கைவிரித்தார்கள். 1095இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பினார். மக்காவுக்குப் போவதாக வெளியே சொல்லிக்கொண்டு மனதுக்குள் ஷாமுக்கு (சிரியாவுக்கு) போகத் திட்டமிட்டிருந்ததையும் சொல்கிறார். பல வருடம் கழித்துத் திரும்பி வந்து மறுபடி பாடம் நடத்தினார். அவர் விட்டது பதவியை, அறிவைப் பரப்புவதை நிரந்தரமாக அல்ல. அவர் அளவுக்கு நோயும் அவர் அளவுக்குத் திராணியும் உங்களுக்கும் எனக்கும் இருக்கிறதா? ஒரு நாள் கஞ்சிக்கு பக்தாத்தை விட்டுப் போகவேண்டியதில்லை.

நிய்யத்தைத் தேடித் தேடிப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று சான்றிதழ் கிடைத்தபிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் அது கிடைக்கவே கிடைக்காது. என் நிய்யத்தைச் சரிசெய்வதைவிடக் கடினமான எதையும் நான் கையாண்டதில்லை, அது என்னிடம் மாறிக்கொண்டே இருக்கிறது என்று சொன்னவர் பெரிய இமாம் ஸுஃப்யான் அஸ்ஸவ்ரி. அவரே அப்படி என்றால்! ஆத்தங்குடிப் பக்கம் போனால் பூக்கல் (பூப்போட்ட தரைக்கல்) போடுகிறவர்களைப் பார்க்கலாம். கண்ணாடிமேல் அச்சை வைத்துச் சாயக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். பூ கீழே குப்புற இருக்கிறது. செய்கிறவர் கண்ணுக்குத் தெரிவது முரட்டு முதுகு மட்டும். அவர் அச்சில் கையை நேராகப் பிடிப்பதோடு சரி. காய்ந்து, கண்ணாடியிலிருந்து கழன்ற பிறகுதான் பூ எப்படி விழுந்தது என்று தெரியும். நடுவில் தூக்கித் தூக்கிப் பார்த்தால் கல்லே உடைந்துவிடும். என்னால் முடிந்த உவமை இவ்வளவுதான். கொடுக்கப்போகும்போது ஒரு தடவை, கொடுத்துவிட்டு மனசு ஆடினால் இன்னொரு தடவை, "யா அல்லாஹ், இது உனக்கு" என்று திசையைத் திருப்பி வையுங்கள். அதற்குமேல் தோண்டாதீர்கள்.

கடைக் கடன்தான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வியாபார நோக்கம் கலப்பது ரியாவோடு ஒன்றல்ல. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் அங்கே வியாபாரம் செய்வதில் குற்றமில்லை என்று குர்ஆனே சொல்கிறது (2:198). லாபம் தேடுவது ஹலால், புகழுக்காக இபாதத் (வணக்கம்) செய்வது அப்படியல்ல. லாப நினைப்பு எந்த அளவுக்கு இருக்கிறதோ அந்த அளவுக்கு நன்மை குறையலாம் என்பார்கள், அழிந்துபோகும் என்று சொல்லமாட்டார்கள். மனைவியின் வாயில் ஊட்டும் கவளத்துக்குக்கூட, அல்லாஹ்வின் பொருத்தத்தை நாடினால், கூலி உண்டு என்று ஸஅத் இப்னு அபீ வக்காஸிடம் (ரலி) நபி (ஸல்) சொன்னது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. இதைவிட உங்களுக்கு நேராகப் பொருந்துவது ஒரு வியாபாரியின் கதை. மக்களுக்குக் கடன் கொடுத்து வந்த ஒருவர், திருப்பித் தர முடியாதவரைக் கண்டால் தன் ஆட்களிடம் "விட்டுவிடுங்கள், அல்லாஹ் நம்மை விட்டுவிடக்கூடும்" என்பாராம். அல்லாஹ் அவரை மன்னித்துவிட்டான். புகாரியில் இருக்கிறது. அவர் கடன் கொடுத்தது வியாபாரம்தான். விட்டுக்கொடுத்த இடத்தில் அது வேறொன்றாக ஆனது. உங்கள் கடன் நோட்டிலும் அப்படி இரண்டு மூன்று பக்கம் இருக்கும். வராது என்று உங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அந்தப் பக்கங்களை எந்த நிய்யத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே எச்சரிக்கை: நல்ல நிய்யத் தப்பான செயலைச் சரியாக்காது. கடன்காரருக்கு எடையில் குறைத்துவிட்டு அந்தக் காசில் கஞ்சி ஊற்றினால், அண்டா நிறைந்தாலும் கணக்கு நேராகாது. நீங்கள் அப்படிச் செய்கிறவர் என்று சொல்லவில்லை, எல்லாக் கடைக்காரரிடமும் சொல்வதைத்தான் சொல்கிறேன்.

அறிவிப்பு வேண்டாம் என்று கமிட்டியிடம் சொல்லலாமா? சொல்லலாம். "அத்தா பேரை மட்டும் துஆவில் சேர்த்துக்குங்க, பலகையில எழுத வேண்டாம்" என்று மெதுவாகச் சொன்னால் போதும். அதற்கு ஒரு போராட்டம் நடத்தாதீர்கள். எங்கள் ஜமாஅத்தில் ஒருவர் பிடிவாதமாகப் பெயர் சொல்லக் கூடாது என்றார். மைக்கில் "பெயர் சொல்ல விரும்பாத சகோதரர்" என்று அறிவித்தார்கள். இஃப்தார் முடிவதற்குள் அது யார் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பெயரோடு அறிவித்த மற்ற இருபத்தொன்பது பேரையும்விட அவருக்குத்தான் அந்த வருடம் புகழ் அதிகம், பாவம். கமிட்டி வாசித்தே தீருவோம் என்றால் வாசிக்கட்டும். நீங்கள் அந்த நேரத்தில் கடையில் இருந்துகொள்ளுங்கள். அப்புறம், பெரும்பாலான ஊர்களில் ஷஃபான் (ரமலானுக்கு முந்திய மாதம்) பிற்பாதியிலேயே கஞ்சி முறை எழுதத் தொடங்கிவிடுவார்கள், கடைசிப் பத்து நாட்களுக்குத்தான் முதலில் போட்டி. அத்தாவுக்காக ஒரு நாள் வேண்டும் என்றால் இப்போதே முத்தவல்லியிடம் (பள்ளிவாசல் நிர்வாகியிடம்) சொல்லி வையுங்கள்.